இரண்டாம் தடவை ஓட்டினால்

அன்புள்ள ஐயா,

பர்மாவில், பெகுவில் எங்கள் கோயிலின் நன்கொடைப் பதிவுகள் ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் இருக்கின்றன. யூனிகோடுக்கு மாற்ற பெர்ல் என்ற நிரல்மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும் ஒற்றைவரிக் கட்டளையை அதற்குள் 'சிஸ்டம்' என்ற ஃபங்ஷன் போட்டு ஒவ்வொரு கோப்புக்கும் ஓட்டுகிறேன். கையால் அடித்தால் சரியாக வருவது, ஸ்கிரிப்டுக்குள் வைத்தால் எழுத்து காணாமல் போய்க் கொம்பு மட்டும் நிற்கிறது. ஏன்? பைத்தானுக்கு மாறிவிடலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

யாரும் கேட்காமலே கோயில் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறீர்கள், நன்றாயிருங்கள். காரணம் சின்னது. கட்டளையை இரட்டை மேற்கோளுக்குள் வைத்திருப்பீர்கள். அதிலிருக்கும் 'டாலர் ஒன்று' ($1), அதாவது பிடித்துவைத்த எழுத்து நிற்க வேண்டிய இடம், தன்னுடையது என்று நினைத்து வெளியே ஓடும் பெர்லே அதை நிரப்பிவிடுகிறது, அதன் கையில் ஒன்றும் இல்லாததால் அங்கே வெற்றிடம். அதுசரி, பெர்லுக்குள் உட்கார்ந்துகொண்டு, டெர்மினல் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லைக் கூப்பிட்டு, அந்த ஷெல்லை விட்டு இன்னொரு பெர்லைக் கூப்பிடுவானேன்? கோப்புப் பெயர்களை ஏஆர்ஜிவி (@ARGV) அரேயில் போட்டு, டாலர் கேரட் ஐ ($^I) என்ற மாறியில் பேக்கப்புக்கான பின்னொட்டைக் கொடுத்து, ஒரு வைல் லூப்பில் வரிவரியாக மாற்றி பிரின்ட் செய்தால் போதும். மேற்கோள் தொல்லை இல்லை, பெயரில் இடைவெளி இருந்தால் ஷெல் அதை வெட்டிப்போடும் தொல்லையும் இல்லை.

அது போகட்டும். 'ஒவ்வொரு கோப்புக்கும் ஓட்டுகிறேன்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பகீரென்றது.

2019 அக்டோபர் 1ஆம் தேதி அரசாங்கம் யூனிகோடுக்கு மாறியபோது எனக்குத் தெரிந்த ஒரு ரங்கூன் அச்சகத்திலும் இந்த வேலை நடந்தது. கல்யாணப் பத்திரிகை, காரியப் பத்திரிகை எல்லாம் ஒரே ஃபோல்டரில். நம் ஒற்றைக்கொம்பு போலவே எழுத்துக்கு முன்னால் நிற்கும் குறி ஒன்று பர்மிய மொழியில் உண்டு, உங்களுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிகிறபடியே ஜோஜி கொம்பை முதலில் சேமிக்கும். யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு அதற்குப் பின்னால். ஆக, கொம்பையும் அடுத்து வரும் எழுத்தையும் இடம் மாற்று என்பது விதி. ஆனால் அந்த ஃபோல்டரில் பாதிக் கோப்புகள் ஏற்கெனவே யூனிகோடில் அடித்தவை. அவற்றில் சரியான இடத்தில் இருந்த கொம்பு அடுத்த எழுத்தைத் தாண்டிப் போய் அதன்மேல் ஏறிக்கொண்டது. மணப்பெண் பெயரே மாறிப்போனது. வேலை பாதியில் நின்றுவிட்டதோ என்று நினைத்து அங்கிருந்த பையன் இன்னொரு தடவை ஓட்டினான், கொம்பு இன்னும் ஓர் எழுத்து தள்ளிப் போனது.

பேக்கப் இருக்கிறதே என்றார்கள். எங்கே இருக்கிறது? இரண்டாம் ஓட்டம் அதே பெயரில் பேக்கப் எழுதும்போது பழைய பேக்கப்பைக் கேட்காமல் கொள்ளாமல் அழித்துவிடும். ஆக பேக்கப்பில் இருந்தது முதல் தடவை கெட்டுப்போன கோப்பு. மூலம் போயே போச்சு.

கையால் அடிக்கும்போது உங்கள் கண் திரையில் இருக்கிறது, ஒரு கோப்பு கெட்டால் கை நின்றுவிடும். ஸ்கிரிப்டுக்குள் யார் பார்க்கிறார்கள்? சிஸ்டம் திருப்பித் தரும் பூஜ்யத்தை நம்பாதீர்கள் தம்பி, ஒரு எழுத்துகூட மாறாவிட்டாலும், எல்லாம் நாசமானாலும் அதே பூஜ்யம்தான் வரும். மூலத்தில் கை வைக்கவே வேண்டாம். மேலே சொன்ன வைல் லூப்பையும் வேறு ஃபோல்டரில் எடுத்த நகலின் மேல் மட்டும் ஓட்டி, இரண்டு கோப்புகளின் வித்தியாசத்தைக் காட்டும் டிஃப் கட்டளை போட்டுக் கண்ணால் பாருங்கள். எது ஜோஜி, எது யூனிகோடு என்று கண்டுபிடிக்க கூகுள் வெளியிட்ட மியான்மர் டூல்ஸ் இருக்கிறது, கோப்பு கோப்பாக அதைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். கொம்பு விதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஜோஜியை மாற்றிவிட முடியாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பைத்தானா? தாராளமாக மாறுங்கள். அங்கேயும் போய் ஓஎஸ் சிஸ்டம் (os.system) போட்டு, எழுத்து மாற்றும் செட் (sed) கட்டளையைக் கூப்பிட்டால் இதே கதைதான். அப்புறம், உங்கள் பதிவுகளில் 2019க்குப் பிறகு அடித்தவை எத்தனை? அதை ஏன் கடிதத்தில் எழுதவில்லை?