“எஞ்சின் பவர் குறைக்கப்பட்டது” எச்சரிக்கை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: ஓட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று “எஞ்சின் பவர் குறைக்கப்பட்டது” என்று வந்தது சார். எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்கிறது. புது த்ராட்டில் பாடி வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். த்ராட்டில் பாடி என்பது எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பாகம். ஆனால் அந்த வாசகம் எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லவில்லை. வண்டி தன்னைக் காத்துக்கொள்ள பவரைக் குறைத்துவிட்டது, அவ்வளவுதான். லிம்ப் மோடு என்று சொல்வது இதைத்தான்.

பழைய வண்டிகளில் ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து எஞ்சினுக்கு ஒரு கேபிள் போகும். இப்போது போவது வெறும் மின்சாரச் செய்தி. அதனால் பெடலில் குறைந்தது இரண்டு சென்சார்கள் இருக்கும். பல வண்டிகளில் ஒன்று 1 வோல்ட் காட்டினால் மற்றது அதில் பாதி காட்ட வேண்டும். காற்றுப் பாதையைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டுக்கும் இப்படி இரண்டு உண்டு. ஜோடி ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் எவ்வளவு மிதித்தீர்கள் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தெரியாமல் முழுதாகத் திறந்துவிட்டால் வண்டி பாய்ந்துவிடும். அதற்குப் பயந்துதான் பவரைக் குறைக்கிறது.

ஸ்கேனரை (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்டி எரர் கோடைப் படியுங்கள். பி2138 என்றால் பெடல் சென்சார்கள் ஒத்துப்போகவில்லை. பி2135 என்றால் பெரும்பாலும் த்ராட்டில் சென்சார்கள். பி0299 என்றால் டர்போ அழுத்தம் போதவில்லை. டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம். முதலில் அதன் காற்று ஹோஸ் எங்காவது கழன்றதா, கிழிந்ததா பாருங்கள். கோடு காட்டுவது சர்க்யூட்டை, பாகத்தை அல்ல. கோடை எழுதி வைக்காமல் அழிக்கவே அழிக்காதீர்கள். அழித்தால், கோளாறு வந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், சூடு எவ்வளவு இருந்தன என்ற பதிவும் போய்விடும்.

கேள்வி: எனக்கு பி2138. தப்பு பெடலிலா வயரிலா, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நல்ல கேள்வி. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போடுங்கள். ஸ்கேனரில் இரண்டு சென்சார்களின் வோல்ட்டையும் பார்த்தபடி பெடலை மெதுவாக அமுக்குங்கள். இரண்டும் சீராக ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் துள்ளினால் சென்சார் தேய்ந்திருக்கிறது. பெடலைத் தொடாமல் வயரை ஆட்டும்போது துள்ளினால் வயரோ கனெக்டரோதான்.

இன்னொன்று: பல வண்டிகளில் ஒரே 5 வோல்ட் லைன் பல சென்சார்களுக்குப் போகும். எங்கோ ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாமே விழும். என் வண்டிக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டு முறை த்ராட்டில் பாடி மாற்றினார்கள். இரண்டு முறையும் அதே எச்சரிக்கை திரும்பி வந்தது. கடைசியில் சிக்கியது ஏசி பிரஷர் சென்சார். அந்த லைனில் இருந்த அதன் கனெக்டரைக் கழற்றியதுமே 5 வோல்ட் திரும்பிவிட்டது. அன்றிலிருந்துதான் பாகம் வாங்குமுன் அளந்து பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

கேள்வி: த்ராட்டில் பாடியை நானே சுத்தம் செய்யலாமா?

பதில்: செய்யலாம். இக்னிஷன் ஆஃப், சாவி வெளியே. இக்னிஷன் ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளவே கூடாது. மோட்டார் திடீரென்று மூடினால் விரல் நசுங்கும். த்ராட்டில் பாடிக்கென்றே உள்ள கிளீனரைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். அப்புறம் ஐடில் ரீலேர்ன் (பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓட வேண்டிய வேகத்தைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி பழக்குவது) தேவையா என்று உங்கள் வண்டியின் மேனுவலில் பாருங்கள்.

கேள்வி: எதற்கு இவ்வளவு? பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும்.

பதில்: சரியாகாது. கம்ப்யூட்டருக்குக் கோடு மறந்துபோகும்.

கேள்வி (அவரே): மூன்று மாதமாக அப்படித்தான் ஓட்டுகிறேன் சார். ஒவ்வொரு முறையும் சரியாகிறது.

பதில்: “ஒவ்வொரு முறையும்” என்கிறீர்களே, அப்படியென்றால் கோளாறு அங்கேயேதான் இருக்கிறது. மூன்று மாதமாக அதன் தடயத்தை நீங்களே அழித்து வருகிறீர்கள். ஒரு லாரியை முந்தும்போது பவர் போனால் என்ன ஆகும், யோசியுங்கள்.

கேள்வி (வேறொருவர்): ஆனால் எனக்குப் பேட்டரி மாற்றியபின் உண்மையிலேயே நின்றுவிட்டது சார். அவர் சொல்வதிலும் ஏதோ இருக்கிறதே?

பதில்: நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். பலவீனமான பேட்டரியும் இதைக் கிளப்பும். ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட் மிகவும் இறங்கினால் கம்ப்யூட்டர் தப்பாகப் படிக்கும். முழு சார்ஜில், ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆகும்போது 9.6-க்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். துரு ஏறிய எர்த் வயரும் இதே வேலையைச் செய்யும். முந்தைய நண்பரே, கழற்றிய கையோடு அந்த டெர்மினலையும் எர்த்தையும் சுத்தம் செய்து இறுக்குங்கள். ஒருவேளை உங்களுக்கு அங்கேதான் லூஸோ என்னவோ. ஆனால் முதலில் கோடைப் படியுங்கள்.

கேள்வி: எனக்கும் அதே எச்சரிக்கை. எந்தப் பாகம் வாங்கலாம்?

பதில்: முதல் பதில். கோடு எண்ணோடு வாருங்கள்.

கேள்வி: டீசல் வண்டி, தினமும் சின்னச் சின்ன தூரம்தான். புகை ஃபில்டர் விளக்கும் சேர்ந்து எரிகிறது.

பதில்: ஃபில்டரில் கரி அடைந்திருக்கும். அது எரிய சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். சின்னத் தூரத்தில் அது வராது. விளக்கு மட்டும் எரிந்தால் மேனுவல் சொல்கிறபடி சீரான வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டினால் போதும். பவரும் குறைந்துவிட்டதால் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் வழியாக எரிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஆயில் அளவு ஏறியிருக்கிறதா பாருங்கள். எரித்து முடிக்காமல் பாதியில் நின்றபோதெல்லாம் ஆயிலில் டீசல் கலந்திருக்கும். ஏறியிருந்தால் ஆயிலை மாற்றுங்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக், மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொண்டது.

பதில்: அது கியர்பாக்ஸின் லிம்ப் மோடு. என் துறை இல்லை. கியர்பாக்ஸ் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எச்சரிக்கை வந்தபின் வீடு வரை ஓட்டலாமா? கோடை அழித்துப் பார்த்தேன், திரும்ப வந்துவிட்டது.

பதில்: அழிக்காதீர்கள் என்று மேலேயே சொன்னேன். திரும்ப வந்ததை இப்போதாவது எழுதி வையுங்கள். செக் எஞ்சின் விளக்கு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது எஞ்சினுக்குள் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும், நிறுத்துங்கள். ஆயில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் சூடு முள் ஏறினாலும் அங்கேயே நிறுத்துங்கள். இவை இல்லையென்றால் ஓரமாக, மெதுவாக, யாரையும் முந்தாமல் போகலாம்.

கேள்வி (பி2138 நண்பர்): வயரை ஆட்டினேன், துள்ளியது! கனெக்டருக்குள் பச்சைப் பூஞ்சை மாதிரி இருக்கிறது.

பதில்: அதுதான். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் கிளீனரால் இரண்டு பக்கமும் சுத்தம் செய்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். பின்கள் அரித்திருந்தால் கனெக்டரையே மாற்றுங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றும் தேடுங்கள். இப்போது கோடை அழிக்கலாம்.