பால்மரத் தோட்டத்தில் மின்னும் வெயில்

கேள்வி: அக்கா, மாதம் ஒரு தடவை மாமியாரைப் பார்க்க கூலிம் பக்கம் போவோம். வழியில் பால்மரத் (ரப்பர்) தோட்டம். சாயங்கால வெயில் மரங்களுக்கு நடுவே பளிச் பளிச்சென்று அடிக்கும். பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் என் 9 வயது மகன், "அம்மா, கட்டம் கட்டமா கலர் தெரியுது" என்கிறான். மூளைக்கு ஏதும் ஆகிவிடுமா?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: உங்கள் பையன் நல்ல கூட்டாளியோடுதான் இருக்கிறான். புர்கினியே என்ற செக் அறிஞர் 200 வருஷத்துக்கு முன்பே, மூடிய கண்ணுக்கும் வெயிலுக்கும் நடுவே விரல்களை விரித்து ஆட்டி, இதே கட்டங்களைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு கணக்குப் போடுவோம். கார் 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வினாடிக்கு 25 மீட்டர். மூன்று மீட்டருக்கு ஒரு மரம் என்று வையுங்கள். வெளிச்சம் வினாடிக்கு எட்டு தடவை வந்து வந்து போகும். கண்ணை மூடிச் சும்மா இருக்கும்போது பிடரிப் பக்க மூளையில் ஓடும் ஆல்ஃபா என்ற மின் அலையும் வினாடிக்கு 8 முதல் 13 வரைதான். (செம்பனைத் தோட்டத்தில் இந்தக் கூத்து குறைவு. அங்கே மரங்கள் ரொம்பத் தள்ளித் தள்ளி நிற்கும்.)

22 வருஷம் பினாங்கில் இஇஜி, அதாவது மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை, எடுத்தவள் நான். என் முதல் வேலை, தலையில் எண்ணெய் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது. "எண்ணெய் வைக்காம வாங்க" என்று சொல்லி அனுப்பினாலும், டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று பளபளவென்று வழித்துச் சீவிக்கொண்டு வருவார்கள். வயர் எங்கே ஒட்டும்! அலசிவிட்டு, பசை வைத்து ஒட்டி, அறையை இருட்டாக்கி, முகத்துக்கு ஒரு முழம் முன்னால் மின்னும் விளக்கை வைப்போம். அந்தக் காலத்து மெஷினில் காகிதம் ஓட ஓடப் பேனாக்கள் கிறுக்கும். விளக்கு வினாடிக்கு 6 தடவை மின்னினால், பிடரிப் பக்கத்துப் பேனாக்களும் 6 அலை போட ஆரம்பிக்கும், சிலருக்கு 12. விளக்கை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். இப்படி மூளை வெளிச்சத்தின் தாளத்துக்குக் கூடவே ஓடுவதை ஏட்ரியன், மேத்யூஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1934லேயே கேம்பிரிட்ஜில் பதிவு செய்துவிட்டார்கள். ஆக, கூட ஓடுவது மூளையின் சுபாவம், நோய் இல்லை.

ஆனால் சிலருக்கு, ஏறக்குறைய 4,000 பேரில் ஒருவருக்கு, இப்படி மின்னும் வெளிச்சம் வலிப்பைக் கிளப்பிவிடும். வினாடிக்கு 15 முதல் 25 தடவை வரை மின்னுவதுதான் அதிக ஆபத்து. அது பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலும் பதின்ம வயதிலும்தான் தலைகாட்டும். 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமோன் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வினாடிக்கு 12 தடவை மாறி மாறி அடித்து, 600 பேருக்கு மேல், பெரும்பாலும் பிள்ளைகள், மருத்துவமனைக்குப் போனார்கள். உங்கள் மகன் வெறுமனே கலர் பார்த்தால் பார்க்கட்டும். கை வெடுக்கென்று உதறினாலோ, கூப்பிட்டும் விழித்தபடி இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். வெளிச்சம் மின்னும் நேரத்தில் கண்ணை மூடச் சொல்லாதீர்கள், இமை வழியாகவும் வெளிச்சம் புகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் நன்றாகப் பொத்தினாலே பாதிப்பு வெகுவாகக் குறையும்.

கேள்வி: கடையில் பழைய டியூப் லைட் துடிக்கிறது. தலைவலி அதனாலா?
– செந்தூல் வாசகர்

பதில்: இருக்கலாம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை என்பதால் பழைய சோக் வைத்த டியூப் வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். அது கண்ணுக்குத் தெரியாது. டியூப் சாகப்போகும்போது 50க்கோ அதற்குக் கீழோ இறங்கும், அதுதான் உங்களுக்குத் தெரிகிற துடிப்பு. மாற்றுங்கள் ஐயா, சில வெள்ளிதானே.

கேள்வி: எஸ்பிஎம் பரீட்சை எழுதும் மகளுக்கு, 40 ஹெர்ட்ஸ் விளக்கு ஞாபகசக்தியைக் கூட்டும் என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?
– பிறை வாசகர்

பதில்: 2016ல் அமெரிக்காவின் எம்ஐடியில் அல்சைமர் என்ற மறதி நோய் உண்டாக்கிய எலிகளுக்கு அந்த வெளிச்சம் காட்டினார்கள், மூளையில் படிந்த புரதம் குறைந்தது. எலி எஸ்பிஎம் எழுதவில்லை. காசைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மகளைப் பத்தரைக்குத் தூங்கச் சொல்லுங்கள்.