படுக்கையறையில் கேமரா: இல்லம் கேட்கும் கையெழுத்தை இடலாமா?

கேள்வி: அறிவுசார் குறைபாடும் வலிப்பு நோயும் உள்ள என் 27 வயது மகள், வேறு ஐந்து பெண்களுடன் கோவையில் ஒரு குழு இல்லத்தில் வசிக்கிறாள். கூடம், நடைவழி, படுக்கையறை எல்லா இடங்களிலும் சிசிடிவி கேமரா பொருத்தப் போவதாகவும், பெற்றோர் அதைக் கைப்பேசியில் நேரலையாகப் பார்க்கலாம் என்றும் கூறி, ஒப்புதல் படிவம் அனுப்பியுள்ளனர். இரவில் வலிப்பு வந்து யாருக்கும் தெரியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: படிவம் இப்போதுள்ள வடிவில் வேண்டாம், அம்மா. கூடம், சமையலறை, நடைவழி, வாசல் ஆகிய பொது இடங்களுக்குச் சில நிபந்தனைகளுடன் ஒப்புக்கொள்ளுங்கள். படுக்கையறைக் கேமராவையும் கைப்பேசி நேரலையையும் எழுத்துப்பூர்வமாக மறுத்துவிடுங்கள்.

உங்கள் மகள் உடை மாற்றுவதும், மாதவிடாய் நாட்களில் பணியாளரின் உதவியைப் பெறுவதும், வலிப்பின்போது சிறுநீர் பிரிந்தால் துடைத்து வேறு உடை உடுத்திவிடப்படுவதும் அந்தக் கட்டிலருகே நடப்பவை. நேரலை வந்துவிட்டால், மற்ற ஐந்து குடும்பங்களின் தந்தையரும் சகோதரர்களும் அதைப் பார்க்க நேரிடும். அவர்களுடைய பெண்களை உங்கள் வீட்டார் பார்ப்பார்கள். ஒருவரது அந்தரங்க உறுப்புகளை அவரது ஒப்புதலின்றிப் படம்பிடிப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவின்படி குற்றம்; தனிமையில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதும் படம்பிடிப்பதும் பாரதிய நியாய சம்ஹிதையின் 77ஆம் பிரிவில் வருகின்றன. இல்லத்தாரை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் 2025இல் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் கசிந்து, பரிசோதனைக்கு வந்த பெண்களின் காட்சிகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. அங்கேயும் பாதுகாப்புக்காகத்தான் கேமரா இருந்தது.

வலிப்பைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அதற்குத் தனியாக வழி தேட வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்குத் திரையைப் பார்க்க ஒருவர் விழித்திருந்தாலொழிய கேமராவால் பயனில்லை. அப்படி ஒருவர் விழித்திருப்பாரானால் அவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பதே மேல். மெத்தையின் கீழே வைக்கும் அதிர்வு உணரியும் மணிக்கட்டுக் கருவியும் கை கால் இழுத்து வெட்டும் வகை வலிப்பை உணர்ந்து ஒலியெழுப்பும்; எல்லா வகை வலிப்பையும் அவை கண்டுபிடிக்கமாட்டா என்பதால், எது பொருந்தும் என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். இரவுப் பணியாளர் விழித்திருக்கும் பணியா, உறங்கும் பணியா என்பதையும் இல்லத்திடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அடுத்தது, அந்தக் கையெழுத்து யாருடையது என்பது. 18 வயது நிறைந்தபின் பெற்றோர் தாமாகவே சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர் மட்டக் குழு உங்களைப் பாதுகாவலராக நியமித்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மாற்றுத்திறனாளியின் பெயரில் சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஒப்புதல் தர இடமளிப்பதால், இல்லம் அதைச் சுட்டிக்காட்டக்கூடும். ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 13ஆம் பிரிவு, உதவி செய்பவர் எவரும் அவரது சுயவிருப்பத்தையும் கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் மதிக்க வேண்டும் என்கிறது. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 22ஆம் பிரிவோ, எந்த இருப்பிடத்தில் வாழ்ந்தாலும் அந்தரங்கம் உண்டு என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே முதலில் மகளிடம் கேளுங்கள். படிவத்தைப் படித்துக் காட்டுவதால் பயனில்லை; உங்கள் கைப்பேசியை அவள் அறை அலமாரிமேல் வைத்து, கட்டில் தெரியும் காட்சியை வேறொரு கைப்பேசியில் காட்டி, இதை யார் யார் பார்ப்பார்கள் என்று பெயர் சொல்லி விளக்குங்கள். அவள் முகத்தைத் திருப்பினாலோ கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாலோ அதுவும் பதில்தான்.

பொது இடக் கேமராவும் தானாக யாரையும் காப்பாற்றிவிடாது. வடக்கு அயர்லாந்தின் மக்கமோர் ஆபி மருத்துவமனையில், அறிவுசார் குறைபாடு உள்ள நோயாளிகளைப் பணியாளர்கள் தாக்கியது மாதக்கணக்கில் கேமராவில் பதிவாகிக்கொண்டிருந்தும் எவரும் பார்க்கவில்லை. 2017இல் ஒரு நோயாளியின் தந்தை விடாமல் கேட்ட பிறகே அது வெளிவந்து, பின்னர் பொது விசாரணை வரை சென்றது. எனவே கேமரா எத்தனை என்பதைவிட, பதிவை யார் பார்ப்பார் என்பதையே படிவத்தில் பாருங்கள். இல்லத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவர், முன்னறிவிப்பின்றித் தேர்ந்தெடுத்த சில மணி நேரப் பதிவை வாரந்தோறும் பார்க்க வேண்டும். யார், எப்போது, எதற்காகப் பார்த்தார் என்ற பதிவேடு வேண்டும். எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் கூடாது. வன்தட்டு நிரம்பியதும் பழைய பதிவு தானாக அழிந்துவிடும் என்பதால், குறைந்தது 30 நாட்கள் வைத்திருக்கவும், புகார் எழுந்தால் உடனே நகலெடுத்துத் தனியே வைக்கவும் எழுதி வாங்குங்கள்.

மறுத்தால் மகளை வெளியேற்றுவோம் என்று சொன்னால், இல்லத்தின் பதிவுச் சான்றிதழின் நகலைக் கேட்டு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் எழுத்தில் முறையிடுங்கள். அடி, காயம், திடீர் பயம் என்று எதையாவது கண்டாலோ, கேமராப் பேச்சு முடியும்வரை காத்திராதீர்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, துன்புறுத்தல் நடந்ததாகவோ நடக்கக்கூடும் என்றோ நம்பக் காரணம் உள்ள எவரும் நிர்வாக நடுவரிடம் (எக்சிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) தகவல் தரலாம். அதற்குக் கேமராப் பதிவு கையில் இருக்க வேண்டிய அவசியமில்லை.