ஒரு டொமைனுக்கு மட்டும் வேறு ரிலே

எல்லா மடல்களும் ரிலேஹோஸ்ட் (வெளியே போகும் மடல்களை வாங்கி அனுப்பும் பொதுவான ரிலே, அதாவது இடைநிலை அஞ்சல் சேவையகம்) வழியாகவே போகின்றன, ஒரு டொமைனுக்கு மட்டும் வேறு ரிலே வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சேவையக மென்பொருளில் ரிலேஹோஸ்ட் அமைப்பை அப்படியே விடுங்கள். எந்த டொமைனுக்கு எந்த வழி என்று சொல்லும் டிரான்ஸ்போர்ட் மேப் கோப்பில் இடப்பக்கம் பெறுநர் டொமைன். வலப்பக்கம் எஸ்எம்டிபி (மடல் அனுப்பும் நெறிமுறை), ரிலேயின் பெயர், போர்ட் 587, நடுவில் முக்காற்புள்ளிகள். இது ரிலேஹோஸ்ட்டை முந்திக்கொள்ளும். ரிலேயின் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுங்கள், இல்லையென்றால் எம்எக்ஸ் பதிவை (ஒரு டொமைனின் மடலை வாங்கும் சேவையகத்தைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவு) தேடிப் போய்விடும்.

பெரும்பாலும் சிக்கல் வருவது, ரிலேயில் உள்நுழைவதற்கான கடவுச்சொல் கோப்பில்தான். அதே அடைப்புக்குறி, அதே போர்ட் என அங்கேயும் எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். பொருத்தம் கிடைக்காவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் உள்நுழையவே முயலாது, ரிலே மடலை மறுத்துவிடும். ஹாஷ் கோப்பு (விரைவாகத் தேடுவதற்காகத் தொகுக்கப்படும் வகை) என்றால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அதைத் தொகுக்கும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்ட வேண்டும்.

அப்புறம், புது ரிலேயையும் உங்கள் எஸ்பிஎஃப் பதிவில் (உங்கள் டொமைன் பெயரில் எந்தச் சேவையகங்கள் மடல் அனுப்பலாம் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) சேர்த்துவிடுங்கள்.