கேன் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா?

கேள்வி: ஐந்து ஆண்டுகளாக நாங்கள் 20 லிட்டர் கேன் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், "மெட்ரோ தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதாதா, இதற்கு எதற்குக் காசு?" என்று கேட்கிறார். அடைத்து விற்கப்படும் நீர்தான் பாதுகாப்பானது என்பது உண்மையா?
— ஒரு வாசகி, நங்கநல்லூர், சென்னை

பதில்: உங்கள் மாமியார் சொல்வது பெரும்பாலும் சரியே. ஆனால் 'காய்ச்சி' என்ற சொல்லை விட்டுவிட்டால் அது சரியாக இராது.

ஏரியிலிருந்து வரும் நீர், சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் சேர்த்துத் தெளியவைக்கப்பட்டு, மணற்படுகையில் வடிகட்டப்பட்டு, குளோரின் கலக்கப்பட்டு வெளியேறுகிறது. அங்கே அது நல்ல நீர்தான். கோளாறு அதன் பிறகே தொடங்குகிறது. நம் நகரங்களில் குழாயில் நாள் முழுவதும் நீர் ஓடுவதில்லை. நீர் நின்றிருக்கும் நேரத்தில் குழாயினுள் அழுத்தம் இல்லாமற்போவதால், அதே தெருவில் அருகே செல்லும் கழிவுநீர்க் குழாயின் கசிவு, இணைப்புகளில் உள்ள சிறு விரிசல்கள் வழியே உள்ளே புக இடமுண்டு. சிலர் குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சும்போது இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. இதற்குக் காவலாகத்தான், குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500), நுகர்வோரைச் சென்றடையும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. பலர் முகம் சுளிக்கும் அந்த பிளீச்சிங் வாடை உண்மையில் நல்ல அறிகுறி. சம்ப்பிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் ஓரிரு நாள் கிடந்த பிறகு அந்தக் குளோரின் பெரும்பாலும் போய்விடும். தொட்டியைக் கழுவி எத்தனை மாதமாயிற்று என்பதை வீட்டிலுள்ளவர்களே அறிவார்கள்.

இனி கேனுக்கு வருவோம். அதிலுள்ள நீர் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். மணல், கரி வடிகட்டிகளையும் ஆர்.ஓ. சவ்வையும் கடந்து, புற ஊதாக் கதிராலும் ஓசோனாலும் கிருமி நீக்கப்பட்டு நிரப்பப்படுகிறது. ஒழுங்காகச் செய்தால் மிகச் சுத்தமான நீர் கிடைக்கும். ஆனால் ஓசோன் சிறிது நேரத்திலேயே சிதைந்துவிடுவதால், குழாய் நீரில் இருப்பதுபோன்ற காவல் எதுவும் இந்த நீரில் எஞ்சுவதில்லை. திரும்பி வந்த கேனைச் சரியாகக் கழுவாமல் நிரப்பியிருந்தாலோ, கேனைக் கவிழ்க்கும்போது விரல் அதன் வாயில் பட்டாலோ, டிஸ்பென்சரின் உட்புறம் மாதக்கணக்கில் கழுவப்படாமல் வழுவழுப்பாக இருந்தாலோ, புகுந்த கிருமிகள் தடையின்றிப் பெருகும்.

சட்டத்தைப் பார்த்தால் கேன் நீருக்கே கட்டுப்பாடு அதிகம். அதற்குரிய ஐ.எஸ். 14543 தர அளவின்படி 250 மில்லி லிட்டர் நீரில், மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி இருக்கவே கூடாது. குழாய் நீருக்கு 100 மில்லி லிட்டரில் சோதித்தால் போதும். 2003இல் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், விற்பனையில் இருந்த பாட்டில் நீரில் பூச்சிக்கொல்லி எச்சங்கள் இருப்பதை வெளிப்படுத்திய பிறகு, அவற்றுக்கான வரம்புகளும் கடுமையாக்கப்பட்டன. ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்றிருந்த விதி 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது. ஆனால் அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த நீரை, கூடுதல் கண்காணிப்புக்கு உரிய அதிக ஆபத்துள்ள உணவுப் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே கேனில் ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், நிரப்பிய தேதி, குலையாத மூடி ஆகியவை உள்ளனவா என்று பாருங்கள். இவை இல்லாத கேனைத் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம்.

பெரிய நிறுவனம் என்பதாலேயே நம்பிவிடவும் முடியாது. 2004இல் கோகோ கோலா நிறுவனம் பிரிட்டனில் 'டசானி' என்ற பெயரில் விற்ற நீரை, ஏறக்குறைய 5 லட்சம் பாட்டில்களை, திரும்பப் பெற நேர்ந்தது. அது குழாய் நீரிலிருந்து தயாரிக்கப்பட்டது. குழாய் நீரில் குறையில்லை. சுவைக்காகச் சேர்த்த கால்சியம் உப்பில் இருந்த புரோமைடு, ஓசோனோடு சேர்ந்து, புற்றுநோய் அபாயமுள்ள புரோமேட்டாக மாறியிருந்தது.

எனவே உங்கள் வீட்டுக்கு என் யோசனை இது: தெருக் குழாய் நீரைச் சம்ப்பில் விழும் முன்பே நேரடியாகப் பிடித்து, வடிகட்டி, தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடமாவது அடுப்பில் விட்டு, அதே பாத்திரத்தில் மூடி ஆறவையுங்கள். நீர் கலங்கியோ சாக்கடை வாடையுடனோ வந்தால் காய்ச்சியும் குடிக்க வேண்டாம். குடிநீர் வாரியத்தில் புகார் செய்துவிட்டு, அது சரியாகும்வரை கேன் வாங்குவதே முறை.

கேள்வி: வீட்டுக்கு வந்த ஒரு விற்பனையாளர், எங்கள் போர் தண்ணீரில் மின்கம்பிகளை வைத்து, அது செம்மண் நிறமாவதைக் காட்டினார். ஆர்.ஓ. நீர் தெளிவாகவே இருந்தது. கைக்குழந்தை இருக்கும் வீடு. போர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: அந்தச் செந்நிறம் உங்கள் நீரின் அழுக்கன்று, விற்பனையாளர் கொண்டுவந்த இரும்புக் கம்பி கரைந்து உண்டான துருவே. உப்புள்ள நீரில் மின்சாரம் பாய்வதால் கம்பி கரைகிறது. உப்பு நீக்கிய நீரில் பாய்வதில்லை. அவர் வைத்திருக்கும் டி.டி.எஸ். கருவியும் கரைந்த உப்பின் மொத்த அளவையே காட்டும்; கிருமியைப் பற்றி எதுவும் சொல்லாது.

இருந்தாலும், அவர் காட்டிய வித்தை பொய் என்பதால் உங்கள் கிணற்று நீர் நல்லது என்றாகிவிடாது. தருமபுரி மாவட்டத்தின் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலக்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீரே இல்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் தொடர்ந்து குடித்தால் பற்களில் கறையும், நாளடைவில் எலும்பில் பாதிப்பும் ஏற்படும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, நீர் ஆவியாகக் குறையும் அளவுக்கு அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் செயலுக்கு வந்தது. காவிரி நீர் வரும் நாளில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அதைப் பிடித்துவையுங்கள். போர் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் இருக்கட்டும். காவிரி நீர் வராத நாள்களில் உரிமமுள்ள கேன் நீர் உங்களுக்கு உண்மையிலேயே பயன்படும். ஆனால் கைக்குழந்தைக்கு அதையும் காய்ச்சியே கொடுங்கள். கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துவிடுவதும் நல்லது.

கேள்வி: பாட்டில் நீரில் பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதாகச் சொல்கிறார்களே?
— ஒரு கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: இருக்கின்றன. 2024 ஜனவரியில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அங்கு விற்கப்படும் பாட்டில் நீரில் லிட்டருக்குச் சராசரியாக 2.4 லட்சம் துகள்களைக் கண்டது. அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மீநுண் துகள்கள். பாட்டிலின் பிளாஸ்டிக்கைவிட, நீரைச் சுத்திகரிக்கும் சவ்வுகளில் பயன்படும் பாலிஅமைடு வகையே அதிகம் இருந்தது என்பது விந்தைதான். இவை உடலுக்குள் என்ன செய்கின்றன என்பது இன்னும் உறுதியாகவில்லை. வெயிலில் நிற்கும் காரில் பாட்டிலை நாள்கணக்கில் போட்டுவைக்காதீர்கள். காலியான பாட்டிலில் மீண்டும் மீண்டும் நீர் நிரப்புவதற்குப் பதில் ஒரு ஸ்டீல் குப்பியை வாங்கிக்கொள்ளுங்கள்.