அந்த வீட்டுக் கதவைத் தட்டலாமா?

அன்புள்ள அண்ணா,

எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டு அக்காவின் கணவரைச் சென்ற மாதம் போதைப்பொருள் வழக்கில் பிடித்துவிட்டார்கள். 39பி என்கிறார்கள், போதைப்பொருள் கடத்தலுக்கான சட்டப் பிரிவாம். ஜாமின் கிடையாதாம். ஜாலான் கோல் சிறையில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள், பெரியவள் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். “அவங்களோட ஒட்டாதே” என்கிறார் அம்மா. எனக்கும் ஒரு சந்தேகம். அவர் உண்மையிலேயே செய்திருந்தால், நாம் உதவுவது தப்புக்குத் துணை போவதாகாதா?

ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்குத் தீவு

அன்புள்ள தங்கைக்கு,

அவர் செய்தாரா இல்லையா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். அதற்கு நாளாகும். பிடித்த பொருள் என்ன என்று இரசாயன இலாகாவின் அறிக்கை வர வேண்டும். அதுவரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தேதி தள்ளிப்போகும், அப்புறம்தான் வழக்கு உயர்நீதிமன்றத்துக்கு மாறும். வீட்டு வாடகை அந்த அறிக்கைக்காகக் காத்திருக்காதே! தீர்ப்பு வருவதற்கு எவ்வளவோ முன்னால், பிடித்த அன்றே அந்த வீட்டுச் சம்பளம் நின்றுபோனது. நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் அரிசி வழக்கை எந்தப் பக்கமும் சாய்க்காது. தாராளமாகப் போங்கள். வழக்கைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். ஊரே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

முதலில் வக்கீல் விஷயம். குடும்பங்கள் சரிந்து விழுவது பெரும்பாலும் இங்கேதான். நகையை அடகு வைத்து, ஆலோங் என்கிற கந்துவட்டிக்காரனிடம் கடன் வாங்கி, “எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது, வெளியே எடுத்துவிடலாம்” என்று வருகிறவனிடம் கொடுத்துவிடுவார்கள். 39பி-இல் ஜாமினுக்கே சட்டத்தில் இடமில்லை, இவன் எங்கிருந்து எடுப்பான்? 39பி-இல் மரண தண்டனை இன்னும் உண்டு; 2023 ஜூலையில் போனது அது கட்டாயம் என்பது மட்டும்தான். மரணமா ஆயுளா என்று இப்போது நீதிபதி முடிவு செய்கிறார். இப்படி உயிர் சம்பந்தப்பட்ட வழக்கில், வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு உயர்நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும். குடும்பம் காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்த அக்காவிடம் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லுங்கள்.

அடுத்தது சமூகநல இலாகா. வருமானம் இல்லாத குடும்பத்தின் பிள்ளைகளுக்கு மாத உதவித்தொகை உண்டு. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம், கைது பற்றிய தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கூடவே போங்கள். “புருஷன் எங்கே?” என்று கவுண்டரில் கேட்கும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தால் பாதி வெட்கம் குறையும்.

ஜாலான் கோல் சிறை 1849-இல் கட்டியது, ஊருக்குள்ளேயே இருக்கிறது. இப்போதைக்குப் பார்த்துவர அலைச்சல் குறைவு. தண்டனை கிடைத்து, தீவுக்கு வெளியே ஜாவி சிறைக்கோ தைப்பிங் சிறைக்கோ மாற்றினால்தான் சிரமம். கடலைத் தாண்ட வேண்டும், அரை நாள் போய்விடும், அன்றைய கூலியும் போகும். அந்த நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வீர்களா? பணத்தைவிட இது பெரிய உதவி. பணம் கொடுத்தால் கணக்குக் கேட்காதீர்கள். அதில் கொஞ்சத்தை அக்கா சிறைக் கேன்டீன் செலவுக்குக் கணவர் பேரில் கட்டிவிட்டு வருவார், உங்களுக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். இருக்கட்டும், அவருடைய புருஷன்.

பிள்ளைகளிடம் “அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார்” என்று அக்கா சொல்லிவைத்திருந்தால் நீங்கள் உடைக்க வேண்டாம். ஆனால் தனியாக இருக்கும்போது அவரிடம் பேசிப் பாருங்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு இது பள்ளிக்கூடத்தில் தெரியவர ரொம்ப நாள் ஆகாது. அம்மாவே சொல்லிவிடுவது நல்லது. அப்புறம், கோயில் திருவிழாவுக்கும் பிறந்தநாளுக்கும் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிடாமல் விடுகிறோமே, நம் ஆட்களின் அந்தப் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

உங்கள் அம்மாவின் பயத்தை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். போதை வழக்கில் வெளியே வேறு ஆட்கள் இருக்கலாம். அதனால் அவர்கள் வீட்டிலிருந்து எந்தப் பை, பொட்டலம், சாவி எதையும் வாங்கி வைக்காதீர்கள். பொருள் யார் கைவசம் இருந்ததோ அவர் மேல்தான் இந்தச் சட்டம் முதலில் பாயும். உங்கள் வங்கிக் கணக்கையும் யாருக்கும் இரவல் தராதீர்கள். இதை அம்மாவிடமும் சொல்லுங்கள், பாதி சமாதானமாவார்.

அக்காவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். வழக்கு எண், எந்த நீதிமன்றம், அடுத்த தேதி என்று எல்லாவற்றையும் அதில் எழுதிவரட்டும். நியமன வக்கீல் வந்ததும் முதலில் கேட்பது அதைத்தான்.