வெறும் வயிற்றுச் சுகரும் கல்லீரல் கொழுப்பும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், இரவு ஏழு மணிக்கே சாப்பாட்டை முடித்துவிடுகிறேன். அப்படியும் காலையில் வெறும் வயிற்றில் சுகர் 160. ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்றார்கள். சாப்பிடாத சர்க்கரை எங்கிருந்து வருகிறது?

பதில்: கல்லீரலில் இருந்துதான். நாம் தூங்கும்போதும் மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டுமே, அதைக் கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. 'போதும், நிறுத்து' என்று சொல்வது இன்சுலின். கொழுப்பு ஏறிய கல்லீரல் அந்தச் சொல்லுக்கு மசியாது. விடிய விடியக் கொட்டிக்கொண்டே இருக்கும். சரி என்று கணையம் இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கிறது. சிக்கலே அங்கேதான். சர்க்கரையை நிறுத்தச் சொன்னால் கேட்காத அதே கல்லீரல், கொழுப்பை உருவாக்கச் சொன்னால் மட்டும் தட்டாமல் செய்கிறது. போதாததற்கு, உடம்பின் கொழுப்புத் திசுவும் இன்சுலினுக்கு அடங்காமல் கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் அவிழ்த்துவிடும். அவையும் கல்லீரலில்தான் வந்து குவியும். இன்சுலின் கூடக்கூடக் கொழுப்பு, கொழுப்பு கூடக்கூட இன்சுலின்.

கேள்வி: எனக்கு ஸ்கேனில் கிரேடு 1தான், கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை எஸ்ஜிபிடியும் நார்மல். விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். கிரேடு கொழுப்பின் அளவைச் சொல்லும், கல்லீரலில் விழும் தழும்பைச் சொல்லாது. எஸ்ஜிபிடி நார்மலாக இருக்கும்போதே தழும்பு வளரலாம். சுகர் உள்ளவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம். வயது, எஸ்ஜிஓடி (இதுவும் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை), எஸ்ஜிபிடி, ரத்தத் தட்டணுக்கள் இந்த நான்கையும் வைத்துத் தழும்பைக் கணிக்க ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. அது 1.3க்கு மேல் போனால், தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நான் ஒல்லி, குடிப்பதும் இல்லை. எனக்கு எப்படி ஃபேட்டி லிவர்?

பதில்: தோலுக்கடியில் கொழுப்பைச் சேமிக்க இடம் குறைந்தவர்களுக்கு அது உள்ளுறுப்புகளில் போய்ச் சேரும். எடையைவிட இடுப்பளவைக் கவனியுங்கள்.

கேள்வி: சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறேன். கொழுப்பு கரையுமா?

பதில்: சுகர் குறையும், கல்லீரல் கொழுப்பு பெரிதாகக் கரையாது. எடை குறைந்தால் கரையும். 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைந்தாலே மாற்றம் தொடங்கிவிடும். தழும்பு ஆற 8 கிலோவாவது குறைய வேண்டும். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் குழு 2011ல் வெளியிட்ட ஆய்வில், 11 சர்க்கரை நோயாளிகள் நாளுக்கு ஏறத்தாழ 600 கலோரியில் இருந்தார்கள். ஒரே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு 30% குறைந்து, வெறும் வயிற்றுச் சுகர் இயல்புக்கு வந்துவிட்டது. எனக்கு இன்றும் நம்பிக்கை தரும் ஆய்வு இது. ஆனால் வீட்டில் தனியாக முயலாதீர்கள். இன்சுலின் ஊசியோ கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையோ எடுப்பவர் திடீரென உணவைக் குறைத்தால் சுகர் ஆபத்தாகத் தாழ்ந்துவிடும். முதலில் மருந்தளவை மருத்துவரிடம் மாற்றிக்கொள்ளுங்கள், அப்புறம் தட்டைக் குறையுங்கள்.